வீட்டில் மெதுவாகப் பேசுகிறவர்

எங்கள் வீட்டில் ரேடியோவுக்கும் கிராமபோனுக்கும் ஜென்மப் பகை. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலி செய்துகொண்டு ஓடியபோது, ஊருக்குக் கிளம்பிய அடுத்த வீட்டுக்காரர் என் தலையில் கட்டிவிட்டுப் போன ரேடியோ அது. அதன் முதுகில் இரண்டு துளைகள் இருந்தன. கிராமபோனில் பிக்கப் என்று ஒன்றைப் பொருத்தி, அதன் ஒயரை அந்தத் துளைகளில் செருகிவிட்டால் ரிக்கார்டும் ரேடியோ வழியாகவே பாடும். ஆழ்வார்பேட்டையில் எங்கள் தெருவுக்கே அது பெரிய பவிசு. பவிசோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பவர் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல் பேசுவார். அவருக்காகக் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்போம். அதை மறந்து ரிக்கார்டுக்கு மாற்றினால் வீடு அதிரும். என் மனைவி தேவானை அடுப்படிக்கும் குமிழுக்குமாக ஓடியே இளைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பாட்டு அலறிய அலறலில் அவள் கையிலிருந்த ரசம் தரைக்குப் போயிற்று. அன்றைக்குச் சோற்றுக்கு மோர்தான். பேச்சுவார்த்தையும் இல்லை.

அதற்குப் பிறகுதான் கலீமுல்லா பாயைத் தேடிப் போனேன். ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், தன் வீட்டு முன்னறையிலேயே ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். நான் போன நேரம் முன்னறையில் ஆள் இல்லை. "பாய் இருக்காரா?" என்று இரண்டு முறை கேட்டேன். பதிலே இல்லையென்று திரும்பப் பார்த்தபோதுதான், உள்ளே போகும் வாசலில் தொங்கிய பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் பதில் சொல்லிக்கொண்டிருப்பது புரிந்தது. அவ்வளவு மெதுவான குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மசூதிக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றது. அவர் மனைவி ஜமீலுன்னிசா. வெளி ஆண்கள் முன்னால் வருகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அந்த அம்மாளின் முகத்தை நான் கடைசிவரை பார்த்ததில்லை.

பாய் எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறக்கவே இல்லை. வீட்டில் மெதுவாகப் பேசுகிறவர் யார் என்றுதான் முதலில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. தேவானைதான் என்றேன், ரசம் கொட்டாத நாட்களில். தேவானையை அடுப்படியிலேயே இருந்து எதையாவது பேசச் சொன்னார். அவள் பேச்சு கூடத்தில் கேட்கும் அளவுக்கு ரேடியோவை வைத்தார். பிறகு ரிக்கார்டைப் போட்டு, அவள் பேச்சு மறுபடியும் கேட்கும்வரை பிக்கப் ஒயரில் சத்தத்தைக் குறைக்கிற விரல் நுனி அளவு ரெசிஸ்டன்ஸுகளை மாற்றி மாற்றி வைத்து ஈயப்பற்று போட்டார். அன்றிலிருந்து எதிலிருந்து எதற்கு மாற்றினாலும் ஒரே அளவு. வீட்டில் சமாதானம் திரும்பியது.

இந்த வித்தையை யாரிடம் கற்றார் என்று கேட்டபோது, பாய் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். "கல்யாணமான புதுசுல எங்க வூட்ல அவ பேசறது எனக்குக் கேக்காது சார். வேலை செய்றப்ப ரேடியோ பாடிக்கினே இருக்கும். அவ பேச்சு கேக்கணும்னு எல்லாத்தையும் கொறைச்சி வெச்சேன். அதான் அளவு."

மயிலாப்பூரில் வக்கீல் வீடுகள், லஸ்ஸில் டாக்டர் வீடுகள் எல்லாம் பாயைத்தான் கூப்பிட்டன. யுத்த காலத்தில் வால்வு கிடைக்காமல் பெரிய கடைகளே கையை விரித்தபோதும் அவரிடம் கூட்டம் குறையவில்லை. அவர் கை வைத்தால் ரேடியோவும் ரிக்கார்டும் அண்ணன் தம்பி மாதிரி போகும் என்று பேர். அந்தப் பேர் ஒன்றுதான் அவருடைய சொத்து.

நாற்பத்தாறில் என் பிக்கப் கெட்டுப்போனது. பாய் புதிதாக ஒன்று மாட்டி, பெட்டியைத் தன் வீட்டிலேயே நான்கு நாள் வைத்து அளவு பார்த்துத் தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். ரேடியோ சரியாக இருந்தது, ரிக்கார்டு காதைக் கிழித்தது. திருப்பிக் கொண்டுபோனேன். திரும்பி வந்தது, அதே கிழிசல். யுத்தச் சரக்கு சார், பிக்கப்பே மட்டம் என்றார். விசாரித்தால் டாக்டர் வீட்டிலும் அதே கதை, வக்கீல் வீட்டிலும் அதே கதை. அவர்கள் சத்தமில்லாமல் மவுண்ட் ரோடில் ஒரு புதுக் கடைக்கு மாறிவிட்டார்கள். பாய்க்கு வயசாகிவிட்டது, கவனமில்லை என்று பேசிக்கொண்டார்கள். இன்னும் நாலு பேர் போனால் அந்த முன்னறையை மூடவேண்டியதுதான்.

எனக்கு முன்கோபம் உண்டு. வீட்டில் கேட்டால் சொல்வார்கள். மூன்றாம் தடவை கை ரிக்‌ஷாவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானே போனேன். சந்து முனையில் தையல் கடை வைத்திருந்த அப்துல் வஹீத், பாய் வீட்டம்மா இப்போதெல்லாம் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போடுகிறாள், அந்த மனுஷன் பாவம் என்று அங்கலாய்த்தார். எனக்கு இருந்த எரிச்சலில் அதைக் காதில் வாங்கவில்லை.

பாய் என் எதிரிலேயே ரேடியோவைப் போட்டார், பிறகு ரிக்கார்டைப் போட்டார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் அமைதியாகத் தலையாட்டினார்.

"எனக்கு சரியாத்தான் கீது. இருங்க, அளவு பாத்துடலாம்" என்று திரைப் பக்கம் திரும்பி, "ஜமீலா, எதுனா சொல்லு" என்றார்.

"சோறு வெந்துகினு கீது" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. குரல் இல்லை, கூப்பாடு. மீன் கூடை தூக்குகிறவர்கள் தெருக்கோடியிலிருந்து விடுகிற குரல் அது.

"கேட்டுச்சா சார்? பாட்டுக்கு மேல அவ பேச்சு கேக்குது. அப்ப அளவு சரி."

நான் வாயை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. அது பேச்சே இல்லை, உங்கள் வீட்டம்மா தொண்டை கிழியக் கத்துகிறார் என்று சொல்லிவிட்டேன். பாய் சிரித்தார். ஜமீலா கத்துவாளா என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. ரிக்கார்டிலிருந்து ஊசியை எடுத்தார். அறை நிசப்தமானது. எப்போதும் பேசுகிற மாதிரி பேசு என்று திரையைப் பார்த்துச் சொன்னார்.

திரைக்குப் பின்னாலிருந்து, நான் முதல் நாள் கேட்ட அதே மெதுவான குரல் வந்தது. ஆனால் அது உடைந்து கரகரத்துப் போயிருந்தது.

"மூணு வருஷம் முன்னாடி ஒரு நாள் மசூதில பாங்கு சொன்னது உங்களுக்குக் கேக்கல. ரேடியோவ நிறுத்தாம வேலை செஞ்சிகினு இருந்தீங்க. அன்னிலேர்ந்து கத்துறேன். உங்களுக்குத் தெரிய வேணாம்னுதான்."

பாய் கையைக் காதோரம் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்பதற்குத் தயாராக இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சொன்னாளா சார்?"

சொன்னார் என்றேன். என்ன சொன்னாள் என்றார். ஒரு மனைவி புருஷனிடம் மட்டும் சொல்லவேண்டியதை, நான் அவர் காதருகே குனிந்து, உரக்க, வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு கூசிப்போன நேரம் வேறில்லை. ஒரு பிக்கப்புக்காக இவ்வளவு தூரம் வந்தோமே என்றிருந்தது. பாய் வெகுநேரம் குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருகிக்கொண்டிருந்தார். கூர்மையான சத்தம்தான் அவர் காதிலிருந்து முதலில் போயிருக்கிறது. ரிக்கார்டில் அது அதிகம். அதைத்தான் அவர் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறார். அவர் நம்பியிருந்த ஒரே அளவான அந்த அம்மாளின் குரலும், அவர்மேல் அந்த அம்மாளுக்கு இருந்த பிரியத்தால் கூடவே ஏறிக்கொண்டு போயிருக்கிறது.

ஒரு வாரம் கழித்துப் பெட்டியை எடுக்கப் போனேன். கடை மூடியிருக்கும் என்றுதான் நினைத்தேன். மூடவில்லை. பாய் தன் மேஜையைத் திரைக்கு ஒட்டினாற்போல் நகர்த்திப் போட்டிருந்தார். இடது உள்ளங்கையை வாசல் நிலையில் பதித்துக்கொண்டு வலது கையால் என் பெட்டியில் வேலை செய்துகொண்டிருந்தார். ரிக்கார்டு பாடியது. உள்ளேயிருந்து நிலைமேல் பித்தளைக் குவளை ஒருமுறை தட்டியது. பாய் ஒயரில் எதையோ மாற்றினார். மறுபடி ஒரு தட்டு. மறுபடி மாற்றினார். அப்புறம் இரண்டு தட்டு. ஒரு தட்டு என்றால் இன்னும் குறைக்கவேண்டும், இரண்டு என்றால் சரி. கேட்பது அந்த அம்மாள், ஈயம் வைப்பது இவர். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். பழைய நாள் மாதிரியே இருந்தது. தேவானை அடுப்படியிலிருந்து ஏதோ கேட்டாள், நானும் பதில் சொன்னேன்.

டாக்டர் வீட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். திரும்பி வந்தார்கள்.

கடைசியாக நான் அங்கே போனது சுதந்திரம் வந்த அடுத்த மாதம். அந்த அம்மாள் கூப்பாடு போடுவதை விட்டுவிட்டார். திரைக்குப் பின்னால் ஏதோ வேலையாக, தனக்குள் பேசுவது போல் பேசிக்கொண்டிருந்தார். பாய் நிலையில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க மொத நாள்லேர்ந்து கேட்டவரு. அவ கொரல் இப்பவும் அப்டியே கீதா?"

மூன்று வருஷக் கத்தலில் அந்தக் குரல் போய்விட்டிருந்தது. திரும்பவே இல்லை. தாளைக் கசக்கின மாதிரி இருந்தது.

"அப்படியேதான் இருக்கு பாய்" என்று அவர் காதருகே உரக்கச் சொன்னேன்.

உள்ளே பேச்சு நின்றது. பிறகு நிலைமேல் குவளை இரண்டுமுறை தட்டியது.