மிஸஸ் பெட்டிஃபோர்டிடம் இருந்த பந்து

ஓசெல்லா பெட்டிஃபோர்டு பேஸ்பால் பந்தை எறிந்து ஒரு போலீஸ்காரரின் பல்லைப் பெயர்த்துவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை முடிதிருத்தும் கடையில் பேசிக்கொண்டார்கள். வியாழனுக்குள் பல் மூன்றாகிவிட்டது. வெள்ளிக்கிழமை நான் அந்தப் போலீஸ்காரரைத் தெருமுனையில் பார்த்தேன். சுட்ட சோளக்கதிரைக் கடித்துக்கொண்டிருந்தார். எல்லாப் பல்லும் கடமையில் இருந்தன.

எனவே ஓசெல்லாவையே கேட்கப் போனேன். மெம்ஃபிஸில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இருபது வருடமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர். விதவை. ஒரே மகன் வெர்லன், கறுப்புச் சிப்பாய்களின் படைப்பிரிவில் ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் கப்பல் சரக்கு இறக்குகிறான்.

"பல்லா? அந்த ஆளு பல்லுக்கு நான் ஏன் பந்த வீணாக்கணும்?" என்றார், இஸ்திரியை நிறுத்தாமல்.

இந்த யுத்தகாலத்தில் ஆட்டத்தில் கோட்டைத் தாண்டிப் பார்வையாளர் பக்கம் விழும் பந்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வாசலருகே உள்ள பீப்பாயில் போட வேண்டும். அது சிப்பாய்களின் முகாம்களுக்குப் போகும். போடுகிறவருக்கு மைதானமே கைதட்டும். ஞாயிறன்று, வலது கோடியில் கறுப்பர்களான நமக்கென்று ஒதுக்கிய மரப்பலகை வரிசைகளில், அப்படி ஒரு பந்து ஓசெல்லாவின் மடியில் வந்து விழுந்தது. அவர் அதைக் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

மைதான ஊழியர் பீப்பாயை உருட்டிக்கொண்டே வந்தார்.

"ஆயா, பந்தக் குடு. சிப்பாய்ங்களுக்குப் போகணும்."

"நான் உனக்கு எந்த ஊர் ஆயா? மிஸஸ் பெட்டிஃபோர்டு. சிப்பாய்க்குத்தான் போகுது. என் வீட்டுச் சிப்பாய்க்கு."

"அதெல்லாம் நாங்க அனுப்புவோம்."

"எட்டு மாசமா அனுப்புறீங்க. எம்புள்ள முகாமுக்கு ஒண்ணும் வரல. காலுறையச் சுருட்டிப் பந்தா கட்டி ஆடுறானாம். கடுதாசி இருக்கு, படிக்கவா?"

எதிர்ப்பக்க வெள்ளைக்காரர்கள் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். ஊழியர் போலீஸ்காரரைக் கூட்டிவந்தார். போலீஸ்காரருக்கு ஹோட்டல் முதலாளியைத் தெரியும். அதையும் சொன்னார்.

"வேலை போயிரும், யோசிச்சுக்க."

"யோசிச்சுட்டேன். விரிப்புக்கு இஸ்திரி போட அவருக்கும் கை இருக்கு."

போலீஸ்காரர் கைப்பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். சீப்பு, பைபிள், வறுத்த கோழிக்கால் ஒன்று. பந்து இல்லை. பின்வரிசைக்காரர் அண்ணாந்து மேகம் பார்த்தார். பாதிரியாரின் மனைவி சட்டென்று விசிறிக்கொண்டார். முந்நூறு பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஞாயிறு வழிபாட்டில்கூட நான் காணாத அடக்கத்தோடு உட்கார்ந்திருந்தார்களாம்.

"யார்கிட்டய்யா இருக்கு?" என்று கத்தினார் போலீஸ்காரர்.

"எது சார்?" என்றது வரிசை முழுவதும்.

முந்நூறு பேரையும் சோதிக்க ஆட்டம் முடியும்வரை ஆகும். சோதித்தார்கள். அதற்குள் பந்து பலகாரக் கூடை ஒன்றில் வாசலைத் தாண்டியிருந்தது. மறுநாள் காலை தபால் ஏறியது.

ஹோட்டல் முதலாளி திங்களன்று கூப்பிட்டனுப்பினார். "வேலைய விட்டு நிறுத்துறதுன்னா இப்பவே சொல்லுங்க. நாப்பது விரிப்பு ஈரத்துல கெடக்கு" என்றாராம் ஓசெல்லா. போர்க்காலத்தில் இஸ்திரிக்கு வேறு ஆள் கிடைப்பதில்லை. முதலாளி விரிப்புகளைப் பற்றியே பேசி அனுப்பிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து வெர்லனின் கடிதம் வந்தது. பந்தின் தோல் கிழிந்துவிட்டதாம், பூட்ஸ் நூலால் தைத்து ஆடுகிறார்களாம், தைத்த பந்து காற்றில் தாறுமாறாக வளைவதால் யாராலும் அடிக்க முடியவில்லையாம்.

அதே வாரம் மைதான நிர்வாகத்திடமிருந்தும் ஒரு கடிதம். பந்து ஒன்று திரும்ப வரும்வரை அவருக்கு நுழைவு இல்லை. ஓசெல்லா அதன் பின்பக்கத்திலேயே பதில் எழுதி அனுப்பினார்: "ஆட்டம் இன்னும் முடியல."

இன்றைய தேதிவரை அந்த ஒரு பந்து பாக்கி.