ஏழாவது தாரா

1. முதல் நாள்

வேட்டை லைசென்ஸ் கொடுக்கும் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தபோது, அதுவரை நான் கொன்றிருந்த மிகப் பெரிய உயிர் கரப்பான்பூச்சி. நேர்முகத்தில் மேலாளர் கிரேக் கேட்டவற்றில் ஒரு கேள்விதான் நினைவிருக்கிறது. அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன். கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டதால் பாதியாகக் குறைந்திருக்கிறது.

"செத்த பறவை, மிருகம் எல்லாம் பார்க்க வேண்டி வரும். உமக்கு ஏதும் செய்யுமா?"

"வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவேன்," என்றேன்.

அவர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். "பிரச்சினை இல்லை. தாரா சீசன் சனிக்கிழமைதான் தொடங்கும்."

அப்படித்தான் மெல்பேர்னில் என் இருபத்திரண்டு வருட அரசாங்க உத்தியோகம் தொடங்கியது. தாரா என்றால் வாத்து. தமிழகத்து வாசகர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம். சுட்டால் இரண்டுக்கும் ஒரே அபராதம்.

முறையைச் சொல்லிவிடுகிறேன். துவக்கு வைத்திருக்கப் பொலிஸ் ஒரு லைசென்ஸ் கொடுக்கும். அந்தத் துவக்கால் மானையோ தாராவையோ சுட வேண்டுமானால் எங்களிடம் இன்னொன்று எடுக்க வேண்டும். தாராவுக்கு அதற்கு மேல் ஒரு பரீட்சையும் உண்டு. எந்த நாள் தொடக்கம், எத்தனை மணிக்கு முதல் வெடி, ஒருவர் ஒரு நாளில் எத்தனை சுடலாம் என்பதெல்லாம் வருடாவருடம் அறிவிப்பாக வரும். ஈயக் குண்டு கூடாது. சுட்ட பறவையைக் கொண்டுபோகும்போது ஒரு செட்டையாவது, அதாவது சிறகாவது, இறகோடு உடம்பில் ஒட்டியிருக்க வேண்டும். அது என்ன இனம் என்று அதிகாரி பார்ப்பதற்கு.

மரை என்ற பெரிய மானுக்கு இந்தப் பரீட்சை கிடையாது. மரை இந்த நாட்டு மிருகம் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் எங்கள் பக்கத்துக் காடுகளில் பிடித்துக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். அது மலை முழுக்கப் பெருகிவிட்டது. இப்போது வருடம் முழுவதும் சுடலாம், எண்ணிக்கைக்கு எல்லை இல்லை. எங்கள் பக்கத்திலிருந்து வந்து, ஒரு படிவமும் நிரப்பாமல் நிரந்தர வதிவிடம் எடுத்தது அது ஒன்றுதான்.

2. பரீட்சை அறை

பத்தாவது வருடத்தில் என்னைப் பரீட்சை மேற்பார்வைக்குப் போட்டார்கள். இப்போது முறை மாறிவிட்டது. அப்போது ஓர் அறை, இருபது கதிரை, ஒரு திரை, ஒரு வீடியோ. தாராக்கள் சில விநாடி பறந்து மறையும். ஒவ்வொன்றுக்கும் பெயரைத் தெரிந்து அடையாளம் போட வேண்டும், அல்லது 'சுடக்கூடாது' என்ற பெட்டியில் போட வேண்டும். மற்றக் கேள்விகளில் இரண்டொன்று தவறினாலும் மன்னிப்புண்டு. புள்ளித்தாராவில் மட்டும் இல்லை. அது அரிய இனம், பாதுகாக்கப்பட்டது. தூரத்தில் பார்த்தால் சுட அனுமதியுள்ள கறுப்புத்தாராவைப் போலவே இருக்கும். அதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் தோல்விதான்.

எங்கள் வீடியோவில் அது ஏழாவதாக வரும். வரிசை ஒருநாளும் மாறாது. எதில் பிழை விட்டோம் என்று விண்ணப்பதாரர் கேட்டால் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை.

அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. புள்ளித்தாரா இடமிருந்து வலமாகப் பறக்கும். நான் அதை நேரில் பார்த்ததில்லை. வலமிருந்து இடமாக வந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

3. நிமலன்

நிமலனுக்கு நாற்பது வயது இருக்கும். கிரெய்கிபர்ன் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். படிவத்தில் பெயரைப் பார்த்ததும் நான் தமிழில் கதைத்தேன். அதுவே முதல் பிழை என்று இப்போது தோன்றுகிறது.

"அக்கா, நான் வன்னி. ஊரில கட்டுத்துவக்கால அடிச்சனாங்கள். தாரா எனக்குப் புதுசில்லை."

"அதை இங்க பலமாச் சொல்லாதேங்கோ," என்றேன். கட்டுத்துவக்கு என்பது லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி. அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இருந்தாலும் சொன்னேன்.

முதல் தடவை தோற்றார். இரண்டு மாதம் கழித்து வந்து மறுபடியும் தோற்றார். இரண்டு தடவையும் ஏழாவதில்தான். வெளியே வந்து என் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வேலையில எல்லாரும் வருசா வருசம் தொடக்க நாளுக்குக் காம்ப் போறவங்கள். அஞ்சு வருசமா என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. இந்த வருசம்தான் 'நீயும் வா' எண்டு கேட்டவங்கள். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன் அக்கா. இப்ப என்ன சொல்லுறது? தாராவைத் தெரியேல்லை எண்டோ?"

அகதியாக வந்து, வருடக்கணக்காக விசாவுக்குக் காத்திருந்து, ஒருவழியாக நிரந்தர வதிவிடம் எடுத்தவர். குடியுரிமைக்கும் விண்ணப்பித்திருந்தார். அவரை இந்த நாட்டில் முதன்முதலாக யாரோ தங்களோடு கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குக் குறுக்கே நின்றது ஏழாவது தாரா. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

மூன்றாம் தடவை முன்வரிசையில் இருந்தார். ஏழாவது பறவை பறந்தது. அவருடைய பென்சில் கறுப்புத்தாராவின் பெட்டிக்குப் போனது. அங்கே நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"ச்" என்றேன்.

வாயைத் திறக்கவில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒரு தட்டு, அவ்வளவுதான். எங்கள் வீடுகளில் 'ரீ குடிக்கிறீங்களோ' என்று கேட்டால் வேண்டாம் என்பதற்கு வரும் அதே சத்தம். அறையில் இருந்த மற்றவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. இரண்டாம் வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் திரும்பி ஹீற்றரைப் பார்த்தார்.

நிமலன் பென்சிலை நகர்த்தி 'சுடக்கூடாது' பெட்டியில் போட்டார். பாஸ்.

4. தொடக்க நாள்

அந்த வருடம் ஆள் போதவில்லை என்று, சீசன் தொடக்க நாளில் ஒரு சதுப்பு நிலத்தின் கார் தரிப்பிடத்துக்கு என்னையும் அனுப்பினார்கள். வேலை இலகுவானது. சுட்டுவிட்டு வெளியே வருகிறவர்களின் பையைத் திறந்து, இனத்தையும் எண்ணிக்கையையும் குறிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கையை உயர்த்தினால் கள அதிகாரி வருவார். அவர் ஐம்பது அடி தள்ளி, வேறொருவரின் துவக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்தில் வேட்டைக்கு எதிரானவர்கள் பதாகைகளோடு நின்று என்னைப் பார்த்துக் கொலைகாரி என்று கத்தினார்கள். வெள்ளிக்கிழமைகளில் நான் அவர்கள் பக்கம் என்று சொல்ல நினைத்தேன். சனிக்கிழமை என்பதால் பேசாமல் இருந்தேன்.

காலை பத்து மணியளவில் நிமலன் வந்தார். மார்பு வரை இரவல் றப்பர் காற்சட்டை, முகமெல்லாம் சேறு. அப்படி ஒரு சந்தோசத்தை அவர் முகத்தில் நான் முன்னே பார்த்ததில்லை. அவருடைய கூட்டாளிகள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா, பாருங்கோ. மூண்டு!"

மேசையில் வரிசையாக வைத்தார். முதல் இரண்டும் கறுப்புத்தாரா. மூன்றாவதைக் கையில் எடுத்தேன். உடம்பெல்லாம் பொடிப் பொடிப் புள்ளி, உச்சந்தலை கொஞ்சம் கூர்.

இத்தனை வருடம் திரையில் இடமிருந்து வலமாகப் பறந்த பறவை. என் கையில் அது இன்னும் சூடாக இருந்தது. நான் நினைத்ததைவிடப் பாரம்.

"நிமலன், இது என்ன?"

"கறுப்புத்தாரா தானே?"

"இதுதான் புள்ளித்தாரா. வீடியோவில ஏழாவதா வந்தது."

"ஏழாவதுக்கு நான் சரியாத்தானே போட்டனான்?" உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

சரியாகத்தான் போட்டார். அவர் படித்தது ஏழு என்ற எண்ணை. பறவையை அல்ல. படிப்பித்தது நான்.

அவருக்கு மெல்ல விளங்கியது. திரும்பி அதிகாரி நின்ற பக்கம் பார்த்தார்.

"அக்கா, ஒருத்தரும் பாக்கேல்லை. உந்தத் தாராவை அங்கால தண்ணிக்குள்ள எறிஞ்சுவிடுறன். கோட்டுக்குப் போனா என்ரை சிற்றிசன்ஷிப் போச்சு. உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். கை தானாக உயர்ந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நான்தான் உயர்த்தினேன். அதற்கு ஒரு நிமிடம் எடுத்தது. அந்த ஒரு நிமிடமும் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார், இன்னொரு 'ச்' வரும் என்று.

அதிகாரி வந்தார். துவக்கு பறிமுதல், லைசென்ஸ் பறிமுதல், பறவை பிளாஸ்டிக் பையில். கூட்டாளிகள் காருக்குப் பக்கத்தில் நின்று கைபேசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

5. திங்கட்கிழமை

ஞாயிறு முழுக்கக் கணக்குப் பார்த்தேன். அந்தச் சத்தத்தை ஒருவர்தான் கேட்டார், அவரும் ஹீற்றர் என்று நினைத்தார். வேறு யாரும் கேட்டிருந்தாலும் விளங்கியிருக்காது. நான் சும்மா இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. நிமலன் ஒருவரே கோர்ட்டுக்குப் போவார். பரீட்சையில் பாஸ் பண்ணிய ஆள் தெரிந்தே சுட்டார் என்று எழுதுவார்கள். அவரைத் தவிர, பாஸ் பண்ணவில்லை என்று தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்தி. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

திங்கள் காலை கிரேக்கின் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"சத்தமா? என்ன சத்தம்? செய்து காட்டும்."

செய்து காட்டினேன்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

கிரேக் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு முறைப்பாட்டுப் படிவத்தை எடுத்தார். லஞ்சம், ஆள்மாறாட்டம், விடைத்தாள் திருத்தல் என்று பெட்டிகள் இருந்தன. நாக்குக்குப் பெட்டி இல்லை. 'மற்றவை' என்பதில் அடையாளம் போட்டார்.

"இதை நீர் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது," என்றார்.

"அதுதான் பிரச்சினை," என்றேன்.

பரீட்சை செல்லாது என்று முடிவானது. அந்தச் சூழ்நிலையைக் கணக்கில் எடுத்து, நிமலனுக்குக் கோர்ட் இல்லாமல் எழுத்துமூல எச்சரிக்கை கொடுத்தார்கள். மறுபடி பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணும்வரை தாராப் பக்கம் போகக்கூடாது. எனக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம். பரீட்சை அறையிலிருந்து தொலைபேசி மேசைக்கு மாற்றம். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தேன். அந்த அறைக்குள் திரும்ப என்னை விடவில்லை. விடாதது சரிதான்.

நிமலன் கோயிலில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்மேல் கோபமா, தன் வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

6. ஒரு தொலைபேசி அழைப்பு

ஒன்றரை வருடம் கழித்து மேசையில் மணி அடித்தது.

"அக்கா, நிமலன் கதைக்கிறன். ரெஸ்ற் எழுதினனான். பாஸ்."

"எப்ப?"

"நேற்று. இப்ப வேற ஒருத்தன் மேற்பார்வை. முழு நேரமும் போனையே பாத்துக்கொண்டிருந்தான். ஏழாவதுக்கு ஒரு சத்தமும் வரேல்லை அக்கா, நல்லாப் பயந்துபோனன். பிறகு பறவையைப் பாத்தன். தலை கூரா இருந்தது."

தொலைபேசி மேசையில் அழுதால் தொழில் நடக்காது. "நல்லது" என்று மட்டும் சொன்னேன்.

"அடுத்த மாசம் சிற்றிசன்ஷிப் விழா. கட்டாயம் வாங்கோ."

"அதுக்கும் பரீட்சை இருந்திருக்குமே?"

"ஓம். அந்த அறையில உங்களை மாதிரி இரக்கமான ஆக்கள் ஒருத்தரும் இல்லை. அதாலதான் ஒழுங்காப் படிச்சனான்."

போனேன். அவருடைய வேலைக் கூட்டாளிகளும் வந்திருந்தார்கள். அடுத்த சீசனுக்கும் அவரைக் கூப்பிட்டிருந்தார்களாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கதிரையை வாசலோரம் போடுங்கள். விண்ணப்பதாரரின் முகத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் ஊர்க்காரர் வந்தால் அந்த அறையை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். வாயை மட்டும் மூடினால் போதாது, நாக்கையும் அடக்கி வையுங்கள். இரக்கம் வந்தால் வெளியே போய் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

அன்றைக்கு நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தால் நிமலன் மூன்றாம் தடவையும் தோற்றிருப்பார். அந்தப் புள்ளித்தாரா அடுத்த வருடமும் பறந்திருக்கும்.