கடைவாய்க்குத் தளம் போட்ட கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சொத்தைப் பல்லை அடைப்பதும் மொட்டை மாடிக்குத் தளம் போடுவதும் ஒரே வேலைதான் என்று நான் மனதார நம்பினேன். அரைத் தூக்கத்தில் வந்த யோசனை இல்லை. நாற்பத்தாறு வயதில், முழு நினைவோடு, காபி குடித்துவிட்டு நம்பினேன்.

சிரிக்காதீர்கள். மாடம்பாக்கத்தில் அப்போது எங்கள் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. வீடு கட்டுகிறவனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவனுக்கு உலகமே செங்கல், மணல், முக்கால் இஞ்ச் ஜல்லி. தட்டில் இட்லி வைத்தால்கூட லெவல் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான். நானும் பார்த்தேன்.

அந்தச் சமயம் பார்த்து வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு குழி. ஜில்லென்று ஏதாவது பட்டால் தாடையிலிருந்து உச்சந்தலை வரை ஒரு ஃபாஸ்ட் லோக்கல் போய் வந்தது. இடது பக்கத்தில் ஏற்கெனவே ஒன்றைப் பிடுங்கியாயிற்று. வலதும் போனால்? முறுக்கு, சீடை, கரும்பு எல்லாவற்றுக்கும் டாட்டா. மீதி ஆயுசு முழுக்க ரசம் சாதம்தான்.

என் மனைவி விஜயாவுக்கும் அதே மாதிரி ஒரு குழி. எங்கள் ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார்கள். ஒன்பதாவது இதுதான் போலிருக்கிறது.

இருவருமாகக் கிழக்குத் தாம்பரத்தில் புதிதாகக் கிளினிக் திறந்திருந்த ஒரு லேடி டாக்டரிடம் போனோம். கடைவாய்க்கு வெள்ளி அடைப்பு போதும், நன்றாக உழைக்கும் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பல் கலரிலேயே வேண்டும் என்றேன். கிரகப்பிரவேசத்துக்கு வீடியோ எடுக்கப்போகிறோம்... கடைசிப் பல் யாருக்குத் தெரியப்போகிறது என்று டாக்டர் கேட்டார்.

"இவர் சிரிச்சா தெரியும் டாக்டர்," என்றாள் விஜயா. "தொண்டை வரைக்கும் தெரியும்."

டாக்டர் சிரித்தார். பிறகு என் வாய்க்குள் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"குழி ஆழமா இருக்கு சார். இப்ப ஒழுங்கா அடைச்சா பல் தப்பிக்கும். திரும்பவும் சொத்தை உள்ள ஓடிச்சுன்னா எடுக்க வேண்டியதுதான்."

சரி, யார் முதலில்? நான் பெண்களை மதிப்பவன். விஜயாவை அனுப்பினேன்.

பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சூபர்வைஸ் செய்தேன். முதலில் பல்லைக் குடைந்தார். அப்புறம் ஒரு ஊசிக்குழாயிலிருந்து ஜெல்லி மாதிரி எதையோ தடவினார். என்ன என்று கேட்டேன். ஆசிட் என்றார். ஆசிட்! பாத்ரூம் கழுவுகிற பொருளை என் தர்மபத்தினியின் வாயில்... அவள் கண்ணை மூடிக்கொண்டு ஜம்மென்று படுத்திருந்தாள். எனக்குத்தான் சட்டை நனைந்தது.

அடுத்து நடந்ததுதான் வினை. பல்லைச் சுற்றி மெல்லிய தகடு ஒன்றை வளைத்தார். அது அசையாமலிருக்க இடுக்கில் ஒரு சின்ன மர ஆப்பைச் செருகினார். எனக்கு உடம்பே சிலிர்த்தது. தூணுக்குப் பலகை அடித்து ஆப்பு வைக்கிற அதே வேலை! அந்த நிமிடம் நான் பயந்த நோயாளி இல்லை. விஷயம் தெரிந்த கட்டட உரிமையாளர்.

டாக்டர் மாவு மாதிரி ஒன்றைத் துளியூண்டு எடுத்துக் குழியின் ஒரு ஓரத்தில் அப்பினார். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை எடுத்து அழுத்தினார். நீல வெளிச்சம். விஜயாவின் கன்னம் உள்ளே பல்பு போட்ட மாதிரி ஒளிர்ந்தது. நாற்பது எண்ணும் நேரம். அப்புறம் எதிர் ஓரத்தில் இன்னொரு துளி, இன்னொரு நாற்பது. மறுபடி. மறுபடி. மொத்தம் நாலு அடுக்கு.

ஏன் டாக்டர், ஒரே தடவையில் ரொப்பிவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"லைட்டு ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல இறங்காது சார். மொத்தமா வெச்சா மேல காஞ்சிரும், அடியில பச்சையாவே இருக்கும். அதுவுமில்லாம இது காயும்போது கொஞ்சம் சுருங்கும். கொஞ்சங்கொஞ்சமா வெச்சாத்தான் சுவரை விட்டு விலகாது."

தலையை ஆட்டினேன். மனதுக்குள் கணக்கு ஓடியது. நாலு அடுக்கு என்றால் நடுவில் மூன்று ஜாயிண்ட். மூன்று ஜாயிண்ட் என்றால்? மூன்று ஒழுகல்!

நாற்காலியில் என் முறை வந்ததும் பி.பி. ஏறுகிற மாதிரி இருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி விஜயாவை இழுத்துக்கொண்டு வெளியேறினேன். அது முழுப்பொய் இல்லை. ஏறத்தான் செய்தது.

இந்த ஜாயிண்ட் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்தின மாதம் எங்கள் போர்ட்டிகோவுக்குத் தளம் போட்டபோது கலவை மெஷின் பாதியில் படுத்துவிட்டது. மீதியை மறுநாள் போட்டோம். அந்த வாரமே ஒரு மழை. முதல் நாள் தளமும் மறுநாள் தளமும் சந்தித்த அதே கோட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அப்படிப்பட்டவனிடம் போய் நாலு அடுக்கு என்றால்?

நேராக சைட்டுக்குப் போய் மேஸ்திரி ஏழுமலையிடம் கேட்டேன். ஒரு சின்னக் குழி இருக்கிறது, நாலு தடவையாகப் போடலாமா, ஒரே தடவையாகப் போடலாமா? எந்த இடத்தில் என்று கேட்டார். வாயைத் திறந்து காட்டினேன். ஏழுமலை என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் தொழில்காரர், கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"இன்னா சார் நீ, ஒரு வாட்டி பட்டும் கேக்குறியே. ஒரே மூச்சுல கொட்டணும். நடுவுல வுட்டா ஒட்டாது, பேஜாராப் பூடும். கொட்றதுக்கு முன்னாடி எடத்த நல்லா நனச்சிக்கணும். காஞ்ச எடத்துல கொட்டினா கலவைல கீற தண்ணிய அதுவே குடிச்சிரும். அப்பால, போட்ட பிறகும் தண்ணி கட்டி வெக்கணும். தண்ணி இல்லாத தளம் தளமே இல்ல சார்."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

மறுநாளே ரயில்வே லைனைத் தாண்டி மேற்குத் தாம்பரம். அங்கே வயதான டாக்டர் ஒருவர் இருந்தார். நீல லைட் எல்லாம் அவரிடம் இல்லை. இரண்டு பேஸ்ட்டை ஒரு அட்டையில் வைத்துக் குழைப்பார். குழைத்த வேகத்தில் குழியில் ரொப்புவார். சில நிமிடத்தில் அதுவாகவே இறுகிவிடும். ஒரே மூச்சு! நான் தேடி வந்த மனிதர். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. நீலக் கார்பன் தாளைக் கடிக்கச் சொல்லி, உயரமாக இருந்த இடத்தைத் தேய்த்துவிட்டு, போகலாம் என்றார்.

போனேன். நேராக ஸ்டேஷன் பைப்புக்கு. ஒரு வாய் தண்ணீர் பிடித்து வலது கன்னத்தில் தேக்கிக்கொண்டேன்.

ஆமாம் சார். தண்ணி கட்டினேன்.

தாம்பரத்தில் ஏறிய நான் பீச் ஸ்டேஷன் வரை வாயைத் திறக்கவில்லை. எதிர் சீட் நண்பர் கிரிக்கெட் பேசினார், தலையாட்டினேன். ஆபீசில் மேனேஜர் ஏதோ கேட்டார், அதற்கும் தலையாட்டினேன். ஆண்டு விழா கமிட்டிக்கு நான்தான் செயலாளர் என்று மறுநாள் நோட்டீஸ் போர்டில் பார்த்தேன். இப்படியே ஒரு வாரம். விஜயா மட்டும் அந்த ஒரு வாரத்தைத் தன் வாழ்க்கையின் பொற்காலம் என்று இன்றும் சொல்கிறாள்.

ரெண்டு மாதம் பிரச்சினை இல்லை. கிரகப்பிரவேச வீடியோவில் தொண்டை வரை சிரித்திருக்கிறேன், வேண்டுமானால் வந்து பாருங்கள்.

அப்புறம் கோகுலாஷ்டமி வந்தது. ஒரு சீடையை வாயில் போட்டுக் கடித்தேன். வாயில் இரண்டு சீடை இருந்தன. நான் போட்டது ஒன்று.

நாக்கை விட்டுப் பார்த்தால் குழி, பழைய குழி. ஜில் தண்ணீர் பட்டதும் அதே ஃபாஸ்ட் லோக்கல். விஜயா எதிரே உட்கார்ந்து, நாலு அடுக்குப் பல்லால் கடகடவென்று சீடை தின்றுகொண்டிருந்தாள். அந்தச் சத்தம் இருக்கிறதே... சகிக்கவில்லை.

சாதாரண மனிதன் என்ன செய்வான்? நான் கட்சி மாறினேன். ஒரே மூச்சில் ரொப்புகிற முறையே தப்பு, அடுக்கு அடுக்காக வைப்பதுதான் விஞ்ஞானம் என்று காலை எட்டு பத்து ரயிலில் ஒரு வாரம் பிரசாரம் செய்தேன். மேற்குத் தாம்பரம் பெரியவரைப் பற்றி நாலு வார்த்தை கூடவே பேசினேன். இரண்டு பேர் அவரிடம் வாங்கியிருந்த அப்பாயின்மென்ட்டைக் கேன்சல் செய்ததாகக் கேள்வி.

ஆனால் கிளினிக்குக் கிளம்பும்போது செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டேன். சொத்தை உள்ளே ஓடியிருந்தால்? லேடி டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். நான் மனதுக்குள் குன்றத்தூர் முருகனுக்கு ஒரு மொட்டை வேண்டிக்கொண்டேன். இருக்கிற முடிக்கு அது பெரிய காணிக்கை இல்லைதான்.

"தப்பிச்சீங்க சார். உள்ள போகல. சீக்கிரம் வந்துட்டீங்க."

எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்தால் எனக்கு வாயும் வந்துவிடும். பார்த்தீர்களா டாக்டர், மேற்குத் தாம்பரம் பெரியவர் மாதிரி மொத்தமாக ரொப்பினால் இப்படித்தான், உங்கள் முறைதான் சரி என்றேன். அவர் பாராட்டுக்கு மயங்கவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க. அவர் போடறது வேற மெட்டீரியல், அதை மொத்தமாத்தான் வெக்கணும். அடுக்கா வெச்சாலும் சரி, மொத்தமா வெச்சாலும் சரி, வெக்கும்போது பல் காஞ்சிருக்கணும். எச்சில் பட்டா எதுவுமே ஒட்டாது." பிலிமைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அன்னைக்கு வெக்கறதுக்கு முன்னாடி நனைஞ்சுதா?"

இல்லவே இல்லை என்று தலையாட்டினேன். பக்கத்து ஸ்டூலில் சூபர்வைஸ் செய்துகொண்டிருந்த விஜயா என்னைப் பார்த்தாள்.

"ஏங்க... ஏழுமலை என்னமோ நனைக்கணும்னு சொன்னாரே?"

நல்ல வேளை, டாக்டர் பஞ்சை வைத்து வாயை அடைத்துவிட்டார். பதில் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. அன்று அஞ்சு அடுக்கு வைத்தார். விஜயா கடைசி வரை என் நாக்கின் மேலேயே கண்ணாக இருந்தாள். அந்தப் பல் இன்றைக்கும் முறுக்கு கடிக்கிறது.

மேற்குத் தாம்பரம் பெரியவர் குழியைச் சுத்தமாக உலர்த்திவிட்டு, பேஸ்ட் குழைக்க அந்தப் பக்கம் திரும்பினார். அந்த அரை நிமிடத்தில் பஞ்சை ஒதுக்கிவிட்டு, நாக்கால் குழியை நன்றாக நனைத்து வைத்தது நான்தான்.