இரண்டு கமான் பட்டையும் மோகனூர் மணலும்

தை மாதத்தின் கடைசி ஞாயிறு, காலை ஐந்து நாற்பதுக்குச் சூரமங்கலத்தில் டவுன் பஸ் ஏறினேன். சேலத்தில் பேருந்து மாறி, மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டி நாமக்கல்லில் இறங்கும்போது ஏழரை. ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். சொந்த ஜீப்பில் ஊர் சுற்றுவதற்காக ஒருவன் பஸ் பிடித்துப் போகிறான் என்றால் சிரிப்பீர்கள். ஜீப் ஒரு வாரமாக முத்துசாமியின் கமான் பட்டறையில் நின்றது.

முத்துசாமி என் பள்ளித் தோழன். இருபத்தாறு வருடம் வடக்கே போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டிவிட்டு, இப்போது நாமக்கல்லில் லாரிகளுக்குக் கமான் பட்டை, அதாவது சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்கும் வில் பட்டை, மாற்றிக் கொடுக்கிறான். ரயில்வே வேலை கிடைப்பதற்கு முன் நானும் இரண்டு சீசன் அவனோடு ரிக்கில் மேனேஜராகப் போயிருக்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் ஜாபுவா பக்கம், ரோடே இல்லாத ஊர்களுக்கெல்லாம் எங்கள் ரிக்குக்கு டீசலும் சாப்பாடும் சுமந்து வந்தது இந்த ஜீப்தான். முதலாளி அதைத் தள்ளிவிட்டபோது நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு இருபத்து நான்கு வயதில் இருந்த தைரியம் முழுவதும் அந்த வண்டிக்குள் எங்கேயோ கிடக்கிறது என்று இன்னும் நம்புகிறேன்.

இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அதே ஜீப்பில், அதே ஊர்களுக்கு, ஒரே ஒருமுறை போய்வர வேண்டும் என்று ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தோம். போக மட்டும் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர். அதற்கு நான் ஒரு நிபந்தனை வைத்தேன். மோகனூரில் காவிரி மணலில் இறக்கி, யாரும் கட்டி இழுக்காமல் ஜீப் மேலே ஏற வேண்டும். ஏறாவிட்டால் பயணம் கிடையாது. திங்கட்கிழமை ஈரோட்டிலிருந்து வருகிறவரிடம் வண்டியை விற்றுவிடுவது. வாய் இருக்கிறதே என்று பேசிவிட்டு, முதல்நாள் ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் புரண்டவனும் நான்தான்.

காலை எட்டு மணி. பட்டறையில் ஜீப்பைப் பார்த்தேன். கூரைமேல் கேரியர், அதில் ஐம்பது கிலோ பொன்னி அரிசி மூட்டை. பின்னால் நூறு லிட்டர் தண்ணீர் டிரம், இரண்டு கேன் டீசல், கேஸ் சிலிண்டர், அடுப்பு, இட்லிப் பானை, கடலை எண்ணெய் டின், புளி, ஊறுகாய் ஜாடிகள். எல்லாவற்றுக்கும் அடியில், சாக்கில் சுற்றிய அம்மிக்கல்லும் குழவியும்.

“ஏப்பா, நாம ஜாபுவா போறமா, ஊடு மாத்தறமா?” என்றேன்.

“வடக்க கரண்டு நம்ப முடியாது மாப்ள. அம்மி இருந்தா சட்டினிக்கு ஆச்சு. அந்த ரொட்டி எனக்குச் சேராதுன்னு உனக்குத் தெரியுமல்லோ? ருக்மணி பாத்துப் பாத்துக் கட்டிக் குடுத்தா.”

தெரியும். அந்த நாளில் நான்கு நாள் ரொட்டி தின்ற பிறகு கம்ப்ரசர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, “இந்நேரம் ஊட்டுல ரசம் கொதிக்கும்” என்று வானத்தைப் பார்த்துச் சொல்வான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்போது அவனுக்கும் ருக்மணிக்கும் கல்யாணமாகி எட்டு மாதம்.

மோகனூர் சாலை பதினெட்டு கிலோமீட்டர். கோழிப்பண்ணைகள், தென்னந்தோப்பு, கரும்பு ஏற்றிய டிராக்டர்கள். பழைய ஜீப் பள்ளத்தில் இறங்கினால் தாலாட்டும். இன்று சின்னக் கல் ஏறினாலும் எங்களைத் தூக்கிக் கூரையில் இடித்தது.

“என்னப்பா இப்படித் தூக்கிப் போடுது?”

“டயர்ல காத்து சேத்தி அடிச்சுட்டாங்களாட்ட இருக்குது.” சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பதரைக்கு மோகனூருக்கு முன்னால் ஓர் எடை மேடையில் நிறுத்தினோம். லாரிக்காரன் புத்தி அது. தூர வண்டி கிளம்பும்போது முதலில் முன்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றிப் பார்ப்பான், பிறகு முழு வண்டியை. பாரம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நாங்கள் இறங்கி நின்றோம். முன்சக்கரம் 690 கிலோ, மொத்தம் 1,740. வெறும் வண்டி 1,380 தான்.

“ஏனுங்க, பின்னாடி கல்லா ஏத்தியிருக்கறீங்க?” என்றார் சீட்டு எழுதியவர்.

“ஆமாங்க, ஒரு கல்லு இருக்குதுங்க” என்றேன். முத்துசாமி சிரிக்கவில்லை. கட்டணம் அறுபது ரூபாய்.

பத்தே கால். கரும்புக்காட்டைத் தாண்டி ஆற்றோர வண்டிப் பாதையில் இறங்கினோம். ஆற்றில் தண்ணீர் அக்கரையை ஒட்டி ஒதுங்கிக் கிடந்தது. மணலை லோ கியரில் சுலபமாகவே கடந்தோம். திரும்பிக் கரையேறும் இடத்தில் ஓர் ஓடை குறுக்காக அரித்திருந்தது. முன் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, பின் வலது சக்கரம் அப்படியே அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. தூக்கிய சக்கரம் சும்மா சுற்ற, ஊன்றிய சக்கரம் அசையாமல் நின்றது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிதான். ஆனாலும் சக்கரம் தரையைத் தொட்டால்தானே இழுக்கும்?

கரையில் கரும்பு ஏற்றிக்கொண்டிருந்த டிராக்டர்க்காரர் எட்டிப் பார்த்தார். “கயிறு போட்டு இழுக்கட்டுங்களா? ரெண்டு நிமிச வேலை.”

“வேண்டாமுங்க” என்றான் முத்துசாமி. கயிறு கட்டிவிட்டால் எங்கள் கதை முடிந்தது என்று அவருக்குத் தெரியாது. பிறகு சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, கமானுக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தான்.

“மாப்ள, பின்னாடி பக்கத்துக்கு ரெண்டு பட்டை சேத்திப் போட்டுட்டேன்.”

“காத்துன்னு சொன்னே?”

“சொன்னேன். பாரத்தைப் பாத்தேன், கை தானாப் பட்டையத் தேடுச்சு. லாரிக்குப் போட்டுப் போட்டுப் பழகுன கையி.”

நாமக்கல்காரன் கையில் தள்ளுவண்டியைக் கொடுத்தாலும் லாரியாக்கித்தான் திருப்பித் தருவான். லாரிக்குப் பட்டை கூடினால் பலம். காட்டுப் பாதையில் போகும் ஜீப்புக்கோ கமான் வளைந்து கொடுக்க வேண்டும். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது மற்றது மேட்டில் மடங்கி, நாலும் மண்ணைப் பிடித்திருக்க வேண்டும். இதை ஜாபுவாவில் எனக்குச் சொன்னவனே இவன்தான். அன்றைக்கு அவன் சொன்ன இன்னொன்றும் நினைவிருக்கிறது. வண்டி எங்கெல்லாம் போகும் என்பது பெரிதில்லை, நின்றுபோன இடத்தில் கையால் பிரித்துப் பூட்ட முடிய வேண்டும். இந்த ஜீப்பில் அது முடியும் என்பதுதான் மோகனூர் மணலில் எங்களுக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை.

சாமானை எல்லாம் மணலில் இறக்கினோம். டிரம் தண்ணீரைத் திறந்துவிட்டோம். ஜாக்கிக்கு அடியில் அம்மிக்கல்லை வைத்தோம். மணலில் புதையாமல் நின்றது. பட்டைகளைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டைக் கழற்றி, பக்கத்துக்கு இரண்டு பட்டையாக உருவி, மறுபடி இறுக்கினான். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. அவன் முதுகில் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

மணி இரண்டு. டயர் காற்றைப் பாதியாக இறக்கிவிட்டு லோ கியரில் மெல்ல விட்டான். ஜீப் பள்ளத்தில் இடுப்பை வளைத்து, ஒவ்வொரு சக்கரமாக மண்ணைத் தடவித் தடவி மேலே ஏறிவிட்டது. டிராக்டர்க்காரர், “ஏறிக்கிச்சுங்களே” என்றார். நான் முத்துசாமியின் கையைப் பிடித்துக்கொண்டேன். கிரீஸ் கையோடு அவனும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

ஆனால் பட்டையை எடுத்த வண்டியில் மறுபடி அத்தனை பாரத்தையும் ஏற்ற முடியாது. சாமானை டிராக்டர்க்காரரின் மோட்டார் ரூமில் போட்டுவிட்டு, வெறும் வண்டியோடு பரமத்தி வேலூரில் இருக்கும் முத்துசாமி வீட்டுக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். ஜீப் பழையபடி தாலாட்டியது. எனக்கு இருபத்து நான்கு வயது திரும்பியிருந்தது. முத்துசாமி மட்டும் கண்ணாடியில் காலிப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். சோறு இல்லாமல் எப்படிப் போவது என்ற கவலை அவனுக்கு.

நாலரைக்கு அவன் வீட்டு வாசலில் நிறுத்தினோம். ருக்மணி காலி ஜீப்பைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“சாமானெல்லாம் எங்கீங்க?”

முத்துசாமி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். பட்டை, பள்ளம், அம்மி, ஒன்றையும் மறைக்கவில்லை.

ருக்மணி என் பக்கம் திரும்பினார். “மொத்தம் எத்தனை கிலோ பாரமுங்ண்ணா?”

“முந்நூத்தி அறுவது வருமுங்க.”

“நானு அம்பத்திரண்டு கிலோ தானுங்க.”

ருக்மணி தொடர்ந்தார். குரலில் கோபம் இல்லை. “இருபத்தாறு வருசம் கட்டிக் கட்டிக் குடுத்தேனுங்க. பொடி, ஊறுகாய், முறுக்கு. எஞ் சமையல் போவாத சீமை இல்லை. நானு பழனிக்கு அக்கட்டால ஒண்ணும் பாத்ததில்லீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு இளவட்டங்கள் மட்டும் மறுபடி போவதாகத்தான் ஆறு மாதமாக நான் கனவு கண்டிருந்தேன். கம்ப்ரசர்மேல் உட்கார்ந்து ரசத்தை நினைத்தவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறேனே தவிர, அந்த ரசத்தை வைத்தவரைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை.

முத்துசாமி நிமிர்ந்தான். “நீயும் வாரியா?” கேட்கவே பயந்தவன் போலக் கேட்டான்.

“வாரேன். ஆனா ஒரு வேளை கூடச் சமைக்க மாட்டேன். அந்த ஊருக்காரங்க சுட்டுப் போடற ரொட்டிய நானு உக்காந்து திங்கோணும்.”

“சரி” என்றான் முத்துசாமி.

நான் ஈரோட்டுக்காரருக்குப் போன் செய்து, வண்டி விற்பனைக்கு இல்லை என்றேன். பிறகு முன்சீட்டிலிருந்த என் துண்டையும் பையையும் எடுத்துக்கொண்டு, பின்பக்கத்துப் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தேன்.