ஜெயமேரியின் எச்சில்

ஜெயமேரிக்கு வந்த நோயைவிட, அதைச் சாக்காக வைத்து அவளுக்குச் செய்ததுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. மலைமேல் வெள்ளக்கடையில் அவளும் நானும் ஒரே எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்தவர்கள். போன பறிப்புக் காலத்தில் அவளுக்கு ஒரு கண் மங்கியது, பிறகு இடது கால் மரத்துப்போனது. சேலத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். நோயை எதிர்க்க வேண்டிய உடம்பே தன் நரம்பின் உறையை அரிக்கிறதாம். வேலியே பயிரை மேய்ந்த கதை.

எதனால் வந்தது என்று அவள் நாத்தனார் ஸ்டெஃபி டாக்டரிடம் கேட்டாள். அவரும் பொறுமையாகத்தான் சொன்னார். முழுக்காரணம் இன்னும் தெரியவில்லை, எச்சில் வழியாகப் பரவும் ஒரு சாதாரண வைரஸுக்கு இதில் பங்கு இருப்பதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆனால் அந்த வைரஸ் அநேகமாக எல்லார் உடம்பிலும் இருக்கிறது, வெகு சிலருக்குத்தான் இந்த நோய் வருகிறது, நோய் யாருக்கும் ஒட்டாது என்றார். ஸ்டெஃபியின் மனதில் எச்சில் மட்டும்தான் நின்றது. தம்ளர் உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தே பழகிய நமக்கு அது போதாதா? மறுநாளே ஜெயமேரியின் ஆறு வயது மகள் ஷெர்லினை மலையடிவாரத்துக் குப்பனூரில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். ஜெயமேரியின் கணவர் மரியதாஸும் சரியென்று அனுப்பிவைத்தார். தங்கச்சி சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

ஜெயமேரி ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

“அக்கா, ஸ்கூட்டியை எடுங்க. எம்புள்ளையைக் கூட்டியாறணும்.”

“கீழ நொம்ப வெயிலு கண்ணு. சூடு பட்டா உனக்குக் கண்ணு தெரியாமப் போயிருமே.”

“போனாப் போவுதுங்க. எம்புள்ளை மொகம் எனக்கு மனப்பாடம்.”

குப்பனூரில் இறங்கும்போதே அவள் கால் துவண்டது. ஸ்டெஃபி எனக்குச் சில்வர் தம்ளரில் தண்ணீர் கொடுத்தாள், அண்ணிக்குக் காகிதக் கப்பில். ஜெயமேரி அதைத் தொடாமல் கீழே வைத்தாள்.

“டைபாய்டுல நீ படுத்துக் கெடந்தப்ப, நீ மிச்சம் வெச்ச கஞ்சியைக் குடிச்சவ நானு. எனக்கு இருக்கிற கிருமி உனக்கும் இருக்கும் ஸ்டெஃபி.”

“அப்பறம் எனக்கு ஏன் நோய் வரலைங்க அண்ணி?”

“அது டாக்டருக்கே தெரியலை. எல்லாந் தெரிஞ்ச மாதிரி நீ எம்புள்ளையைத் தூக்கியாந்துட்ட.”

“நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணுன்னா ஆருங்க பதில் சொல்றது?”

“பெத்தவ நான் சொல்றேன். ஷெர்லின் சாமி, நீ செருப்பைப் போடு.”

ஷெர்லின் நகரவில்லை. கையில் இருந்த குச்சி ஐஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “அம்மா, உன் எச்சி பட்டா எனக்கும் காலு வராதாம். அத்தை சொல்லுச்சு” என்றாள்.

ஜெயமேரி தடியைப் போட்டுவிட்டு அந்தச் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். கையை நீட்டி ஐஸை வாங்கினாள். ஸ்டெஃபியைப் பார்த்துக்கொண்டே ஒரு கடி கடித்து, பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தாள்.

ஷெர்லின் அத்தையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஐஸை வாயில் வைத்துக்கொண்டே அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டெஃபி அழ ஆரம்பித்தாள். அழட்டும் என்று நான் ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்தப் போனேன்.