சூரை மீன் வந்த குளம்

எங்கள் ஊர்க் குளத்தில் சூரை மீன் இருப்பதாக ஆய்வகம் சொன்னபோது ஆடிப்போனேன். ஆழ்கடலில் திரிகிற சூரை வயலுக்குப் பாயும் குளத்துக்கு எப்படி வரும்?

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன். குளத்தில் என்னென்ன மீன் இருக்கிறது என்று அறிய வலை போட வேண்டாம். தண்ணீரை வடிகட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினாலே போதும். மீன் விட்ட வழுவழுப்பிலும் செதிலிலும் கழிவிலும் அதன் டிஎன்ஏ இருக்கும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எங்கள் குளத்து வரால் இன்னும் உயிரோடு இருக்கிறதா? யாரோ கொண்டுவந்து விட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி எல்லாவற்றையும் தின்று தீர்க்கிறது. வரால் மிச்சமிருந்தால், கெளுத்தியை ஒழிக்க ஊர்க் கூட்டத்தைச் சம்மதிக்க வைத்துவிடலாம்.

ஆய்வக அறிக்கையில் சூரைக்கு அடுத்த வரியிலேயே வரால் இருந்தது! ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். டீக்கடையில் ஒருவர், "அடுத்து திமிங்கலம் வருமோ சாரே?" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சூரை தொண்டையில் முள்ளாக நின்றது.

நான் தண்ணீர் எடுத்த படித்துறைக்கு, அன்று எடுத்த அதே உச்சி வேளையில் போனேன். கடியப்பட்டணம் கடற்கரையிலிருந்து வந்து எங்கள் தெருவில் மீன் விற்கும் அம்மா அலுமினியச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சட்டி நாறினா பஸ்ஸுல ஏத்த மாட்டாவ சாரே. தெனமும் இங்க கழுவிட்டுல்லா போறேன்."

சூரை வந்த வழி தெரிந்துவிட்டது. சிரிக்க வாயெடுத்தேன். அதற்குள் அறிக்கையின் அடுத்த வரி நினைவுக்கு வந்தது.

"வராலும் கொண்டு வருவியளா?"

"கடல்ல மீன்பாடு கொறஞ்சா சந்தையில வளர்ப்பு வரால் எடுப்பேன். நீங்க பாட்டில்ல தண்ணி கோரினியள்லா, அண்ணைக்கும் கொஞ்சம் சூரையும் வராலுந்தான். ஏன் சாரே, வேணுமா?"

எதற்கென்று யோசிக்காமலே தலையாட்டிவிட்டு நடந்தேன்.

மறுகரையில், யாரும் இறங்காத தாமரைப் பக்கம் மறுபடி தண்ணீர் எடுத்து அனுப்பினேன். முடிவு வந்தது. சூரை இல்லை. வராலும் இல்லை. கெளுத்தி இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன்; என்னால் நம்பவே முடியவில்லை.

அன்று மத்தியானம் அந்த அம்மா எங்கள் வாசலில் சட்டியை இறக்கினார்.

"சாரு கேட்டியள்லா, உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்."

ஈரச் சாக்கை விலக்கினார். எந்த ஊர்த் தொட்டியில் வளர்ந்ததோ, ஒரு வரால் உயிரோடு கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.