நான் சேர்த்த ‘வசதிப்பட்டால்’

எங்கள் வீட்டில் அப்பாவுக்குக் கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடும். “ஏனுங்க, இப்பத்தான் வாரீங்களா?” என்று அவர் கேட்டுவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. நாமக்கல் பக்கம் வளர்ந்த யாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து ஜெர்மன் வக்கீல் கடிதங்களை ஆங்கிலமாக்குவது என் பிழைப்பு. வேலை கொடுக்கிற கம்பெனிக்கு ஒரே பாட்டு: இயல்பான ஆங்கிலம் வேண்டும், மொழிபெயர்ப்பு வாடையே வரக் கூடாது. ஜெர்மன் வக்கீலின் வாக்கியமோ கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்து நிற்கும். “தங்களை மரியாதையுடன் கேட்டுக்கொள்ள எங்களுக்கு அனுமதி உண்டு” என்று இழுப்பார்கள். நான் அதை உதறி மடித்து ஒரு ‘ப்ளீஸ்’ ஆக்கிவிடுவேன். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

ராசிபுரத்தில் நெய்க்கடை வைத்திருக்கும் பெரியவர் அப்பாவின் சிநேகிதர். சின்ன வயதிலிருந்து என்னை ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார். அவர் மகனுக்கு ஜெர்மனியில் கம்ப்யூட்டர் வேலை. ஆபீஸில் எல்லாம் ஆங்கிலம் என்பதால் அந்த ஊர் பாஷை வராது. மருமகளுக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த வாடகை வீட்டில் சாம்பிராணி போட்டிருக்கிறார்கள். புகைக்கு அலாரம் அடித்து, இரண்டு தடவை தீயணைப்பு வண்டி வந்து, கட்டடத்து ஜனமே தெருவில் நின்றிருக்கிறது. வீட்டுக்காரம்மாவின் வக்கீல் கடிதம் போட்டுவிட்டார். பெரியவர் அதை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தார்.

“மெசின்ல போட்டா தப்புத்தப்பா வருதாம் சாமி. நீ பாத்து எழுதிக் குடு. நம்மூட்டுப் புள்ள சொன்னா எனக்குத் தைரியம்.”

ஒரு பக்கக் கடிதம். இனிமேல் புகை போடமாட்டோம் என்று பதினெட்டாம் தேதிக்குள் எழுத்தில் உறுதி தரும்படி மரியாதையுடன் கேட்டிருந்தார் வக்கீல். தவறினால் மேல் நடவடிக்கையைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்றும் இருந்தது. அடியில், ‘மிக உயர்ந்த மதிப்புடன்’. சாதாரணமாக இவர்கள் ‘அன்பான வணக்கங்களுடன்’ என்று முடிப்பவர்கள். மதிப்பு இவ்வளவு உயரத்துக்குப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாயிற்று என்று அர்த்தம். எனக்கு இது தெரியாதா? ஆனால் கைப்பழக்கம். அடியில் ‘வார்ம் ரிகார்ட்ஸ்’ போட்டேன். தேதிக்குப் பக்கத்தில் வாக்கியம் மொட்டையாக நிற்கிறதே என்று, ‘உங்களுக்கு வசதிப்பட்டால்’ என்று ஆங்கிலத்தில் என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டு, கீழே இறங்கிப் போய் டீ குடித்தேன்.

மகன் படித்துச் சொன்னதில் பெரியவருக்குச் சந்தோஷம். எவ்வளவு தன்மையாக எழுதியிருக்கிறார்கள், நல்ல மனுசங்க என்று என்னிடமே சொன்னார். மகனும் ஆபீஸ் வேலை ஓயட்டும், சாவகாசமாகப் பதில் போடலாம் என்று விட்டுவிட்டான். நடுவில் வந்த வெள்ளிக்கிழமையும் சாம்பிராணி போட்டாயிற்று.

பதினெட்டாம் தேதி தாண்டியதும் இரண்டாவது கடிதம் வந்தது. வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். அதிலும் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

முதல் கடிதத்தையும் என் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த ‘வசதி’ ஜெர்மனில் எங்கேயும் இல்லை. உட்கார முடியவில்லை. அஸ்தம்பட்டி வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடியும் நடந்தேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்கிறவர் யார், யாருக்குத் தெரியப்போகிறது என்றது ஒரு மனசு. வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பான ஊரில் வயிற்றுப்பிள்ளைக்காரியை மூட்டை கட்ட வைத்துவிட்டாயே பாவி என்றது இன்னொரு மனசு. போன் நாலு தடவை அடித்தது. பெரியவர்தான். எடுக்கவில்லை. அறைக்குப் போய், தப்பு மொழிபெயர்த்தவருடையது, குடியிருப்பவர்களுடையது அல்ல என்று அந்த வக்கீலுக்கு ஜெர்மனிலேயே ஒரு கடிதம் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறினேன். சீட் இருந்தும் ராசிபுரம் வரை நின்றுகொண்டே போனேன்.

“வா சாமி. போனு எடுக்கலையே, ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்” என்றார் பெரியவர். அதற்கு மேல் தாங்கவில்லை. அவர்கள் விதித்தது கெடு, அதை நான்தான் உபசாரமாக மாற்றினேன், உங்கள் மகன் மேல் தப்பே இல்லை என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். கடிதத்தை நீட்டினேன். இதைப் பார்த்து மனசு மாறுவார்களா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

நெய் டின்னின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டட்டும் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

“உக்காருங்க. நீங்க படிச்சவங்க, எங்களுக்கு என்னங்க தெரியும்? காப்பி சொல்றனுங்க, குடிச்சுட்டுப் போங்க.”

காப்பி வந்தது. ஒரு தடவையாவது ‘சாமி’ என்று கூப்பிடமாட்டாரா என்று, அது ஆறிப்போகிற வரைக்கும் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.